ஓங்கியவன், ஒடுங்கியவன், நயோமி

‘மெட்டல் கியர் சாலிட்’ கேமின் வில்லன் லிக்விட் ஸ்னேக் தன் மரபணுக்களை ஒருநாளும் பார்த்தவன் இல்லை. பார்த்தவர்கள் சொன்னதைக் கேட்டவன், அவ்வளவுதான். கேட்டதை நம்பி அலாஸ்காவில் ஒரு தீவைப் பிடிக்கிறான், அணு ஆயுதத்தைக் காட்டி அமெரிக்காவை மிரட்டுகிறான், கூடப் பிறந்தவனைக் கொல்லத் துரத்துகிறான். 1998இல் வந்த கேம், அதனால் முடிவைச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது: அவன் கடைசி வரைக்கும் நம்பியது பொய்.

இந்தக் கேமைப் பற்றிப் பேசுகிறவர்கள் ‘மரபணுதான் மனிதனின் விதியா’ என்ற கேள்வியைப் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இதில் யாருமே தன் பிறப்பைத் தானே வாசிப்பதில்லை. யாரோ ஒருவர் வந்து ‘நீ இன்னார்’ என்று சொல்கிறார், அதை நம்பிச் சாகிறார்கள்.

முன்கதை இது. 1972இல் அமெரிக்க ராணுவம் பிக் பாஸ் என்ற மாவீரனின் (டிவி நிகழ்ச்சி இல்லை) உயிரணுவிலிருந்து எட்டுக் கருக்களை உருவாக்குகிறது. மிச்சமுள்ளவை வலுவாக வளர வேண்டும் என்பதற்காக ஆறு கருக்களைத் திட்டமிட்டே கலைக்கிறார்கள். பிறந்த இருவர்தான் சாலிட் ஸ்னேக்கும் லிக்விட் ஸ்னேக்கும். ஓங்கு மரபணுக்கள் எல்லாம் சாலிடுக்குப் போயின, ஒடுங்கு மரபணுக்கள் தனக்கு வந்தன, தான் ஒரு கழிவு என்பது லிக்விட்டின் ஆத்திரம். டாலி ஆட்டுக்குட்டியைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்தது 1997இல். அந்தச் சூட்டிலேயே இயக்குநர் ஹிடேயோ கோஜிமாவும் கொனாமியும் இந்தக் கதையை ப்ளேஸ்டேஷனுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அறிவியலாகப் பார்த்தால் இது தப்பு. ஒடுங்கு பண்பு என்றால் மட்டமான பண்பு என்று அர்த்தமில்லை. இணையாக ஓங்கு மரபணு இருந்தால் வெளியே தெரியாது, அவ்வளவுதான். ஒரே ஆளின் இரண்டு குளோன்களுக்கு இப்படிப் பங்கு பிரிக்கவும் முடியாது. ஆனால் இந்தப் பிழை பிறந்த இடம் சுவாரசியமானது. ஜப்பானியப் பாடப்புத்தகங்களில் இவற்றுக்கு இருந்த சொற்களை எழுத்தெழுத்தாகப் படித்தால் ‘சிறந்த தன்மை’, ‘தாழ்ந்த தன்மை’ என்றே வரும். அந்தக் குழப்பம் வேண்டாம் என்று ஜப்பான் மரபியல் சங்கம் 2017இல் சொற்களையே மாற்றியது. நாம் மட்டும் ரொம்பச் சுத்தமா? ‘ஒடுங்கு’ என்று நாம் வைத்த சொல்லிலும் ஒருவன் கைகட்டி ஓரமாக நிற்கிறான். இங்கே மலாயில் உயிரியல் படித்தவர்களுக்கு ‘டொமினான்’, ‘ரெசெசிஃப்’ என்று உணர்ச்சியே இல்லாத இரண்டு சொற்கள்தான். தமிழில் படித்தால்தான் லிக்விட்டின் கோபம் சட்டென்று புரிகிறது.

கோப்பெங் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் ‘குளோன்’ என்ற சொல்லைக் கேம் கற்றுத்தரத் தேவையில்லை. கித்தா மரமே குளோன்தான். அதிகம் பால் தரும் ஒரு தாய்மரத்திலிருந்து மொட்டு எடுத்து ஒட்டுக் கட்டி, அதே மரத்தை ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி நிரை நிரையாக நட்டார்கள். பெயர்கூட இல்லை, எண்தான்: பிபி 86, ஆர்ஆர்ஐஎம் 600. இந்த ‘பிபி’ என்பது பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போரில் சண்டை போட்டுவிட்டு வந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921இல் திறந்தது. பெயருக்கு அர்த்தமே ‘பெரும் போர்’. இன்றைக்கு அந்த இடத்தில்தான் புத்ராஜெயா நிற்கிறது. சிப்பாய்கள் குளோன் வளர்த்த கதையைக் கோஜிமா கேள்விப்பட்டிருந்தால் விட்டிருக்கமாட்டார்.

ஆர்ஆர்ஐஎம் 600க்குத் தாய் ஜாவாவின் ஜிர் 1, தகப்பன் பிபி 86. மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் எழுதிவைத்திருக்கிறது, இன்றைக்கும் யாரும் எடுத்துப் பார்க்கலாம். அந்த மரத்தில் பால் வெட்டிய பாட்டியின் அப்பா அம்மா யார், எந்த ஊர்க்காரர்கள்? பல வீடுகளில் பதில் ‘சேலம் பக்கம்’, ‘திருச்சி பக்கம்’ என்பதோடு நின்றுவிடும். பாட்டியைப் பற்றி எழுதப்பட்டது வேறு விதமானது: தமிழர்கள் தோட்ட வேலைக்குப் பொருத்தமானவர்கள், சொன்னபடி கேட்பவர்கள். துரைமார் சொன்ன இதை நாமே பிறகு பெருமையாக மாற்றிக்கொண்டோம். ‘உழைப்பு நம்ம ரத்தத்துலயே ஊறிப்போனது’ என்று மேடையில் பேசினால் இப்போதும் கைதட்டு விழும். லிக்விட்டின் பேச்சும் இதுவும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒன்றில் கோபம், மற்றதில் பெருமிதம்.

கேம் சறுக்கும் இடம் ஜீனோம் சோல்ஜர்கள். பிக் பாஸின் போர்க்குணம் கொண்ட மரபணுக்களை ஏற்றிய சாதாரணப் படைவீரர்கள் இவர்கள். அந்த மரபணுக்களாலேயே நோய் வந்து செத்துக்கொண்டிருக்கிறார்கள். லிக்விட்டின் முதல் கோரிக்கையே இவர்களைக் குணப்படுத்த பிக் பாஸின் உடல் வேண்டும் என்பதுதான். நியாயமான கோரிக்கை! தொழிற்சங்கம் கேட்டிருக்க வேண்டியதை வில்லன் கேட்கிறான். ஆனால் கேமில் இவர்களுக்குப் பெயர் இல்லை, முகமும் இல்லை, முகமூடிதான். மறைந்திருந்து கழுத்தை நெரிக்க நமக்குக் கொடுக்கப்பட்ட உடல்கள். ‘நீ கொல்வதை ரசிக்கிறாய்’ என்று லிக்விட் குற்றம் சாட்டும்போது உறுத்தத்தான் செய்கிறது. அடுத்த சண்டை தொடங்கியதும் அது மறந்தும்விடுகிறது.

நயோமி ஹண்டரை மறக்க முடியவில்லை. அவள் குளோன் இல்லை. மரபணு மருத்துவர். பெற்றோர் முகம் தெரியாத அனாதை, தான் யாரென்று கண்டுபிடிக்கவே மரபியல் படித்ததாகச் சொல்கிறாள். காட்டிய குடும்ப வரலாறு போலி என்று பிடிபட்ட பிறகு உண்மையைச் சொல்கிறாள்: 80களில் ரொடீசியாவில் யாரோ தூக்கிவந்த குழந்தை. பிரிட்டிஷ் காலனியான அங்கே இந்தியத் தொழிலாளர்கள் நிறைய இருந்தார்களாம், தன் தோல் நிறம் அங்கிருந்து வந்திருக்கலாம், அதுவும் நிச்சயமில்லை என்கிறாள். வரலாறாக இதுவும் கொஞ்சம் கோணல்தான். ரொடீசியாவுக்குப் போன இந்தியர்கள் குறைவு, பெரும்பாலும் வணிகர்கள். 1860 முதல் மதராஸிலிருந்து கூலிகளாகக் கப்பலேறியவர்கள் போனது நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு. இருந்தாலும் அந்த ஒரு வரியில் கேம் நம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. இதே மண்ணில் பிறந்தும் பிறப்புப் பத்திரம் இல்லாததால் சிவப்பு ஐ.சி.யோடு வயதானவர்களைத் தெரிந்தவர்களுக்கு, இந்தப் பெண் ஏன் காகிதத்தை விட்டுவிட்டு ரத்தத்தில் தேடுகிறாள் என்று விளக்க வேண்டியதில்லை.

அவளை எடுத்து வளர்த்தவன் ஃபிராங்க். அவள் அண்ணன் என்று கொண்டாடுகிறவன். அவனை நடைப்பிணமாக்கியதற்காகத்தான் அவள் ஸ்னேக்கின் உடம்பில் கொலைகார வைரஸை ஏற்றினாள். சாகும் முன் ஃபிராங்க் ஸ்னேக்கிடம் சொல்லிவிட்டுப் போகிறான்: அவளுடைய பெற்றோரைக் கொன்றதே நான்தான், குழந்தையைக் கொல்ல மனசு வரவில்லை, குற்றவுணர்வில் வளர்த்தேன், இதை அவளிடம் சொல்.

ஸ்னேக் சொல்வதில்லை. உன்னை நேசித்தான், தன்னை மறந்துவிட்டு உன் வாழ்க்கையை வாழச் சொன்னான் என்று மாற்றிச் சொல்கிறான். அந்தப் பொய்யின் மேல் நின்றுகொண்டுதான் நயோமி, மரபணு நம்மைத் தீர்மானிப்பதில்லை, வாழ்வதை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்று நீளமாகப் பேசுகிறாள். பேச்சு கொஞ்சம் பிரசங்கம்தான், பலர் அதையே கேமின் செய்தியாக எடுத்துக்கொண்டார்கள். கோஜிமா அப்படி எளிதாக விடவில்லை. பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்ததும் ஆசிலாட் என்ற உளவாளி அதிபருக்குத் தொலைபேசியில் சொல்கிறான்: ஜெயித்தவன்தான் தாழ்ந்தவன், லிக்விட்டுக்குக் கடைசி வரை அது தெரியாது. அந்தச் சின்ன அழைப்பு, நயோமியின் மொத்தப் பேச்சைவிட ஆழமாகக் கீறுகிறது. கோப்பு ஆசிலாட்டின் ஆட்களிடம் இருக்கிறது. கோப்பில் இருக்கிறவனுக்கு அவர்கள் விரும்பியதைச் சொல்லலாம்.

லிக்விட்டுக்குச் சொன்ன பொய் அவனை ஆயுதமாக்கியது, நயோமிக்குச் சொன்ன பொய் அவளை வாழவைக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் அதிகம் தொந்தரவு தருகிறது. இதே கேமில் சித்திரவதைக் காட்சி ஒன்று உண்டு. வலியைத் தாங்குவதா, பணிவதா என்று நாமே முடிவெடுக்கலாம், அதை வைத்துக் கதையின் முடிவே மாறும். நயோமி கேட்கிற இடத்தில் அந்த வசதி இல்லை. ஃபிராங்க் சொன்னது நமக்கும் தெரியும், கன்ட்ரோலரும் நம் கையில்தான் இருக்கிறது. அவளிடம் சொல்ல ஒரு பொத்தான் கிடையாது.