பத்து சதவீதமும் காட்டப்படாத கணக்கும்

தமிழ் எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் இடையே மனக்கசப்பு என்று பேச்சு வந்தால், ராயல்டி வெறும் பத்து சதவீதம்தானா என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. விவாதம் அங்கே தொடங்குவதே பிழை என்பது என் கருத்து. எத்தனை சதவீதம் என்பதற்கு முன்னால், எந்த விலையில் சதவீதம், எத்தனை பிரதிக்கு, அதை எண்ணியவர் யார், எழுதியவருக்கு எப்போது தெரிவித்தார் என்பவை தெரிய வேண்டும். முறையாக ஒப்பந்தம் போட்டு ஆண்டுதோறும் கணக்கு அனுப்பும் நிறுவனங்கள் தமிழில் உண்டு. ஆனால் பல நூல்கள் இவற்றில் எதையும் எழுத்தில் வைக்காமல், பழக்கத்தையும் நட்பையும் நம்பியே வெளிவருகின்றன. கோப்பு மின்னஞ்சலில் போகும், அட்டைப்படம் வாட்ஸப்பில் வரும், ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு நூல் தயாராகிவிடும், ஆசிரியருக்கென்று சில பிரதிகள் கைக்கு வரும். ஒப்பந்தம் என்று ஒரு தாள் மட்டும் இருக்காது. வாய்ப்பேச்சில் நடக்கும் இந்த வழக்கம் எழுத்தாளருக்கு நட்டம், பதிப்பாளருக்கும் நீண்ட நாளில் நட்டம் என்பதே இங்கே நான் சொல்ல விரும்புவது.

அதற்கு முன், இந்த வழக்கம் நமக்குத் தந்திருப்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது உ.வே.சாமிநாதையருக்குப் பின்னால் நிறுவனம் எதுவும் இல்லை. கையொப்பக்காரர்களைத் தேடிப் பிடித்துப் பணம் திரட்டுவது, காகிதம் வாங்குவது, அச்சுக்கூடத்தில் காத்திருந்து மெய்ப்பு பார்ப்பது என எல்லாச் சுமையும் அவர் தலையில்தான். பதிப்பாளர் என்பவர் அந்தச் சுமையை வாங்கிக்கொள்ள வந்தவர். முன்னூறு பிரதிகூட விற்காது என்று தெரிந்தும் முதல் கவிதைத் தொகுப்பைப் போடும் சிறு பதிப்பாளரிடம் வழக்கறிஞர் எழுதிய பத்துப் பக்க ஒப்பந்தத்தை நீட்டினால் அவர் பின்வாங்கிவிடுவார் என்பதும் உண்மை. பணத்தில் அடங்காத உதவிகளும் உண்டு. 1974இல் தொடங்கிய க்ரியா பதிப்பகம், வரிக்கு வரி செம்மைப்படுத்துவதை ஒரு பண்பாடாகவே வளர்த்தது. தன் மாதொருபாகன் நாவலுக்கு எதிராக 2014 இறுதியில் கிளம்பிய போராட்டத்தில் பெருமாள்முருகன் எழுத்தையே துறப்பதாக அறிவித்தபோதும், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தபோதும், அவருடைய பதிப்பகம் அவரோடு நின்றது. அப்படி உடன் நிற்க வேண்டும் என்று எந்த ஒப்பந்தமும் கட்டாயப்படுத்த முடியாது.

ஆனால் நெருக்கடியில் துணை நிற்பது வேறு, ஆண்டு முடிவில் கணக்குக் காட்டுவது வேறு. ஒரு நூலை எடுத்துக்கொள்வோம். விலை 300 ரூபாய். முகவிலையில் பத்து சதவீதம் என்றால் பிரதிக்கு 30 ரூபாய். விற்பனையாளருக்கு 40 சதவீதக் கழிவு போக மிஞ்சும் 180 ரூபாயில் பத்து சதவீதம் என்றால் 18 ரூபாய்தான். ஐந்நூறு பிரதி விற்றால் ஒரு கணக்கில் 15,000, மற்றொன்றில் 9,000. இருவரும் ‘பத்து சதவீதம்’ என்றே பேசியிருப்பார்கள், இருவரும் பொய் சொல்லவில்லை. மதிப்புரைக்குப் போன பிரதிகளைச் சேர்ப்பதா, அரசு நூலக ஆணையில் குறைந்த விலைக்குப் போன பிரதிகளுக்கு எந்த விலையில் ராயல்டி, அந்தப் பணம் தாமதமானால் எழுத்தாளரும் அதுவரை காத்திருக்க வேண்டுமா என்று கேள்விகள் நீள்கின்றன. எழுதி வைக்காத இடத்தில் இவை ஒவ்வொன்றும் சந்தேகமாக மாறுகிறது. அச்சுத் தொழில்நுட்பம் மாறியதில் இந்தச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. முன்பு ஆயிரம், ஆயிரத்து இருநூறு என்று ஒரே மூச்சில் அச்சிட்டார்கள். மறுபதிப்பு வந்தால் நூலின் இரண்டாம் பக்கமே அதைச் சொல்லிவிடும். இப்போது பிஓடி முறையில் ஐம்பது, நூறு என்று தேவைக்கேற்ப அச்சிடுகிறார்கள். சிறு பதிப்பாளருக்கு இது பெரிய விடுதலைதான். கிடங்கு வாடகை இல்லை, முதலீடு முடங்குவதில்லை. எழுத்தாளர் பக்கம் பார்த்தால், ‘முதல் பதிப்பு’ என்ற வரி மாறாமலே ஒரு நூல் எத்தனை முறை அச்சேறியது என்பதை அறிய அவருக்கு இருந்த கடைசித் தடயமும் போய்விட்டது.

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், உரிமையாளர் கையெழுத்திட்டிருக்க வேண்டும், ராயல்டி விவரமும் அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியா மட்டும். 30ஆம் பிரிவு, வெறும் உரிமத்துக்கும் எழுத்தைக் கேட்கிறது. 2012இல் வந்த திருத்தம், ஒப்பந்தம் போட்ட காலத்தில் இல்லாத ஊடகத்துக்கு, அதைத் தனியே குறிப்பிட்டிருந்தாலன்றி, அந்த ஒப்பந்தம் செல்லாது என்கிறது. மின்னூலும் ஒலிநூலும் பெருகிவிட்ட காலத்தில் இது சின்ன விஷயமில்லை. வாய்ப்பேச்சை மட்டும் நம்பும் பதிப்பாளர் இதைத் தனக்கான எச்சரிக்கையாகவும் எடுத்துக்கொள்ள வேண்டும். நூல் ஒரு பரிசு பெற்று, மொழிபெயர்ப்புக்கோ திரைப்படத்துக்கோ ஆட்கள் தேடிவரும் நாளில், இத்தனை ஆண்டு அந்த நூலைச் சுமந்தவர் தன் உரிமையைக் காட்ட எந்தத் தாளும் இல்லாமல் நிற்பார். எழுத்தாளர் அதே நூலை வேறொரு பதிப்பகத்துக்குக் கொடுத்தால் தடுப்பதும் கடினம்.

எழுதி வைத்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதற்கு மறுப்பாகச் சொல்லப்படுவதில் வலுவானது சந்தையின் அளவு. முன்னூறு பிரதி விற்கும் மொழியில் கணக்கு எழுத ஓர் ஆளை வைத்தால் அவர் சம்பளம் ராயல்டியைவிடக் கூடிவிடும் என்கிறார்கள். பதிப்பாளரின் நெருக்கடி உண்மையானது. கடைகளிலிருந்து பணம் மாதக்கணக்கில் வராது. அச்சு நூலுக்கு ஜிஎஸ்டி இல்லை, ஆனால் எழுத்தாளருக்குத் தரும் ராயல்டிக்கான ஜிஎஸ்டியைப் பதிப்பாளரே கட்ட வேண்டும், அதை வேறெதிலும் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. இதையெல்லாம் ஏற்றுக்கொண்டாலும் வாதம் நிற்கவில்லை. முன்னூறு பிரதியை எண்ணுவது மூவாயிரத்தை எண்ணுவதைவிட எளிது. பில் போடும் மென்பொருள் இல்லாத புத்தகக் கடை இன்று அரிது, தலைப்புவாரியாக விற்பனையைக் காட்ட அதற்குச் சில நொடி போதும். விகடன் வெளியிட்ட சு.வெங்கடேசனின் வேள்பாரி ஒரு லட்சம் பிரதி விற்றதை 2025இல் விழா எடுத்துக் கொண்டாடினார்கள். எண்ணிக்கையைப் பெருமையோடு மேடையில் அறிவிக்க முடிகிற துறையால், சிறிய எண்ணிக்கையை ஒரு மின்னஞ்சலில் அறிவிக்கவும் முடியும். கிண்டில் 2016 இறுதியில் தமிழுக்கு வந்த பிறகு, அதில் நூல் போட்டவர்கள் அன்றன்றைய விற்பனையையும் வாசிக்கப்பட்ட பக்கங்களையும் கைப்பேசியிலேயே பார்க்கிறார்கள். அங்கே செம்மையாக்கம் செய்வார் இல்லை, நல்ல எழுத்தைக் குப்பையிலிருந்து பிரித்துக் காட்டுவாரும் இல்லை. ஆனால் கணக்கை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டவர், இருட்டில் நிற்க மறுபடி சம்மதிக்க மாட்டார்.

இந்தியில் நடந்தது நமக்கு நல்ல பாடம். எழுத்தாளர் வினோத் குமார் சுக்ல, தன் புகழ்பெற்ற நூல்களுக்கு வரும் ராயல்டி மிகச் சொற்பம் என்று 2022இல் வெளிப்படையாகச் சொன்னார். பதிப்பகங்கள் கணக்கு சரிதான் என்றன. 2025இல் வேறொரு பதிப்பகம் அவருடைய ஒரே நாவலின் சில மாத விற்பனைக்கு 30 லட்சம் ரூபாயைக் காசோலையாக மேடையிலேயே வழங்கியது. முன்பிருந்தவர்கள் ஏமாற்றினார்கள் என்று இதை வைத்து நான் சொல்ல மாட்டேன். இடையில் அவருக்கு ஞானபீடமும் அறிவிக்கப்பட்டது, புதிய பதிப்பகம் விளம்பரத்தில் காட்டிய உழைப்பும் வேறு. இதிலிருந்து உறுதியாகத் தெரிவது ஒன்றுதான்: தேர்ந்த இலக்கிய நூலுக்கு வாசகர் இல்லை என்ற முடிவை, எண்களைப் பொதுவில் வைக்காமல் யாரும் சொல்லக் கூடாது.

நட்பைத் தாளில் எழுதினால் உறவு கெட்டுவிடும் என்று அஞ்சுபவர்களும் உண்டு. கேட்கக் கூச்சப்பட்டு ஆண்டுக்கணக்கில் மனதுக்குள் குமைந்து, ஒருநாள் பொதுவெளியில் வெடிக்கும் உறவுகளைவிடவா ஒப்பந்தம் கெடுதல் செய்துவிடும்? எழுத்தாளர்கள் பக்கமும் குறை இருக்கிறது. தாளை நீட்டினால் படிக்காமல் கையெழுத்திடுகிறார்கள். தம் பணத்தைக் கொடுத்து நூல் போட்டுக்கொள்பவர்கள், எத்தனை பிரதி அச்சானது என்றுகூடக் கேட்பதில்லை. செலவும் எழுத்தாளருடையது, உரிமையும் கணக்கும் பதிப்பகத்திடம் என்ற ஏற்பாட்டைப் பதிப்பு என்று அழைக்கவே கூடாது. அது அச்சுக்கூலி வேலை. கூலி வாங்கிக்கொண்டு பிரதிகளையும் அச்சுக் கோப்பையும் ஒப்படைத்துவிடுவதே நேர்மை.

எனவே பதிப்பாளர்கள், புத்தக விற்பனையாளர்களின் சங்கமான பபாசியும் எழுத்தாளர் சங்கங்களும் கூடி உட்கார்ந்து ஒரே பக்கத்தில், எளிய தமிழில், ஒரு மாதிரி ஒப்பந்தத்தை உருவாக்க வேண்டும். ராயல்டி எந்த விலையில், எத்தனை ஆண்டுக்கு, எந்தெந்த வடிவங்களுக்கு, அச்சிட்ட பிரதியும் விற்ற பிரதியும் ஆண்டுக்கொருமுறை எந்தத் தேதிக்குள் தெரிவிக்கப்படும், நூல் கிடைக்காமல் போனால் உரிமை எப்போது திரும்பும் என்ற ஐந்து விவரம் அதில் இருந்தால் போதும். அது வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. அடுத்த நூலின் கோப்பை அனுப்பும் எழுத்தாளர், இந்த ஐந்தையும் அதே மின்னஞ்சலில் கேட்டு, பதில் வந்த பிறகே அச்சுக்கு ஒப்புதல் தரட்டும்.