மகளோடு அம்மாவுக்கும் டி.சி.

"பொண்ணு அஞ்சாவது முடிச்சா அவளுக்கு டி.சி. கொடுப்பாங்க. அன்னிக்கே எனக்கும் டி.சி.தான் அக்கா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இத்தலாருக்கு அம்மாவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அவளையும் பார்ப்பேன். எங்கள் பக்கத்து அரசுத் தொடக்கப்பள்ளி ஒன்றில் காலை உணவு சமைக்கிறாள். மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பதால் கிடைத்த வேலை. ஊட்டியிலிருந்து எமரால்டு போகும் பாதையில் பனி விலகாத நேரத்தில் பள்ளிக்கு நடந்து போவாள். கையில் டார்ச் இருக்கும். வழியில் காட்டெருமை நின்றால் அது நகரும்வரை காத்திருப்பாள். நீலகிரியில் சத்துணவுக்கூடத்துக் கதவை உடைத்துக் கரடி எண்ணெய் குடித்துவிட்டுப் போன செய்தி எங்களுக்குப் புதிதல்ல. அதனால் கதவைத் திறக்கும் முன் ஒரு முறை தட்டிப் பார்ப்பாளாம். "உள்ள யாராவது இருந்தா மரியாதையா வெளிய வரட்டும்னு" என்பாள்.

நான் அவளிடம் கற்றுக்கொண்ட ஒரு விஷயம்: இந்த உயரத்தில் தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும், ஆனால் பருப்பு வேகாது. சமவெளியில் இருபது நிமிடத்தில் குழைகிற துவரம்பருப்பு இங்கே அடம்பிடிக்கும். பொங்கல் நாளில் அவள் இன்னும் முன்னதாக எழ வேண்டும். ஒரு குழந்தைக்கு 50 கிராம் அரிசியோ ரவையோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு என்று சென்னையில் எழுதிய அளவு எல்லா ஊருக்கும் ஒன்றுதான். நேரக்கணக்கிலும் மலைக்கென்று தனிச்சலுகை கிடையாது.

திட்டத்தைக் குறை சொல்லவா இந்தக் கட்டுரை என்று நினைக்க வேண்டாம். தேயிலை ஊரில் வளர்ந்தவள் அப்படிச் சொல்ல மாட்டாள். அம்மாவுக்கு ஒரு சின்னத் தோட்டம் இருந்தது. கொழுந்து முற்றுவதற்குள் பறித்தாக வேண்டும், பறித்ததை லாரி வருவதற்குள் சேர்த்தாக வேண்டும். எஸ்டேட்டில் கூலிக்குப் போகிறவர்களுக்கு இன்னும் கறாரான நேரம். காலையில் பிள்ளைக்கு மிஞ்சுவது ஒரு டம்ளர் வரட்டீயும் இரண்டு பன்னும். நான் பல நாள் அதைத்தான் தின்றுவிட்டுப் பள்ளிக்குப் போனேன், பதினொரு மணிக்குத் தலை சுற்றும். இன்று எங்கள் ஹட்டிகளில் வசதியுள்ளவர்களின் பிள்ளைகள் தனியார் பள்ளி வேனில் ஏறிப் போய்விடுகிறார்கள். அரசுப் பள்ளியில் மிஞ்சியிருப்பவர்கள் கூலி வேலைக்காரர்களின் பிள்ளைகள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரின் பேரப்பிள்ளைகள், ஜார்க்கண்டிலிருந்து இலை பறிக்க வந்தவர்களின் பிள்ளைகள். அவர்களுக்குச் சூடான கிச்சடி கிடைப்பது பெரிய விஷயம். அவர்களுடைய அம்மாக்களின் விடியலிலிருந்து ஓர் அடுப்பு குறைவது அதைவிடப் பெரிய விஷயம்.

குறைந்த அடுப்பு எங்கே போனது என்பதுதான் என் கேள்வி. அது மறைந்துவிடவில்லை. இன்னொரு அம்மாவின் விடியலுக்கு இடம் மாறியிருக்கிறது.

இந்தத் திட்டத்தின் வரலாறு நம் பள்ளிப்பாடம் மாதிரி எல்லோருக்கும் தெரிந்தது. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது, 1956இல் காமராசர், 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர்., பிறகு கருணாநிதி சேர்த்த முட்டை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் மு.க.ஸ்டாலின் காலை உணவைத் தொடங்கியபோது 1,545 பள்ளிகள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் விரிவாக்கியபோது 31,008 பள்ளிகள். பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளும் சேர்ந்து, 2025 ஆகஸ்டில் 37,416 பள்ளிகள், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். தொடக்கவிழாப் படங்களை எடுத்துப் பாருங்கள். தலைவர் குழந்தைகளோடு உட்கார்ந்திருப்பார், ஒரு கவளம் ஊட்டுவார். சமைத்தவள் படத்தில் இருந்தால் கரண்டியோடு ஓரத்தில் நிற்பாள், படத்தின் கீழே அவள் பெயர் இருக்காது. தலைவர்களின் பெயர்களால் எழுதப்படும் இந்த நூறாண்டு வரலாற்றில் அடுப்படிக்கென்று ஒரு வரிகூட இல்லை.

அந்த வரியைத் தேடித்தான் திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறைகளைப் படித்தேன். சமைப்பவர் சுய உதவிக் குழு உறுப்பினராக இருக்க வேண்டும். அதே ஊரில் வசிக்க வேண்டும். செயலியை இயக்க ஸ்மார்ட்போன் வேண்டும். இதுவரை சரி. அடுத்த விதிதான் முக்கியம்: அவருடைய பிள்ளை அதே தொடக்கப்பள்ளியில் படிக்க வேண்டும். பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்தாலோ பள்ளியை விட்டுப் போனாலோ வேறு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதை எழுதியவர்களின் நியாயம் புரிகிறது. தன் பிள்ளையும் சாப்பிடுகிற சோற்றில் ஒரு தாய் கல்லைப் போட மாட்டாள், அளவைக் குறைக்க மாட்டாள் என்ற நம்பிக்கை. சமையலின் தரத்துக்குத் தாய்ப்பாசமே உத்தரவாதம். கேட்க இனிமையாக இருக்கிறது. வேறெந்த வேலைக்காவது இப்படி ஒரு விதி உண்டா? தலைமையாசிரியரின் பிள்ளை அதே பள்ளியில் படித்தாக வேண்டும் என்று யாரும் எழுதவில்லை. ரேஷன் அரிசியைச் சரிபார்க்கும் அதிகாரி அந்த அரிசியைத் தின்றாக வேண்டும் என்றும் எழுதவில்லை. அவர்களுக்குச் சம்பளம் தருகிறார்கள், பொறுப்பு தருகிறார்கள், தவறினால் நடவடிக்கை எடுக்கிறார்கள். சமைக்கிறவளிடம் மட்டும் கர்ப்பப்பையைப் பிணையாகக் கேட்கிறார்கள்.

தாய் என்று அழைத்துவிட்டால் சம்பளம் என்ற சொல்லை உச்சரிக்க வேண்டியதில்லை, ஊக்கத்தொகை, மதிப்பூதியம் என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். வீட்டு வேலைக்குக் கூலி கேட்டு 1972இல் செல்மா ஜேம்ஸும் அவர் தோழிகளும் இயக்கம் தொடங்கியபோது அவர்கள் சுட்டிக்காட்டியது இதைத்தான்: அன்பு என்று பெயர் வைத்துவிட்டால் உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகும். வீட்டுக்குள் நடந்த அந்த வித்தையை இங்கே அரசே ஊர்ப்பொதுவில் செய்கிறது.

1982இல் வேறொரு கணக்கு இருந்தது. சத்துணவுப் பணியில் கைம்பெண்களுக்கும் கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கும் முன்னுரிமை தந்தார்கள். அதிலும் இரக்கத்தின் வாடை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெண்ணைப் பார்த்து 'இவளுக்கு வருமானம் தேவை' என்று அது சொன்னது. 2022இன் விதி 'இவளுக்குப் பள்ளியில் பிள்ளை இருக்கிறது' என்கிறது. பிள்ளையில்லாதவள், பிள்ளை வளர்ந்துவிட்டவள், திருமணமே வேண்டாமென்று இருப்பவள் யாருக்கும் இதில் இடமில்லை. வருமானம் மிகவும் தேவைப்படுகிற நடுத்தர வயதுக்காரி முதல் வரியிலேயே வெளியே நிற்கிறாள்.

அந்த 1982ஆம் ஆண்டுக்காரிகளின் கதையும் சுகமில்லை. சிறப்புக் காலமுறை ஊதியத்துக்கு வந்து சேரவே பல ஆண்டுகள் ஆயின. முறையான காலமுறை ஊதியம், ஓய்வூதியம் என்று சத்துணவு ஊழியர்கள் இன்னும் மறியல் செய்துகொண்டிருக்கிறார்கள். காலை உணவையும் எங்களிடமே கொடுங்கள் என்று அவர்களுடைய சங்கம் கேட்டது. கொடுக்கவில்லை. ஒரே வளாகத்தில் காலையில் ஒருத்தி, மதியம் ஒருத்தி. ஒருத்திக்குச் சங்கம் உண்டு, இன்னொருத்திக்குக் குழுக்கடன்தான் உண்டு. பாத்திரம் யார் கழுவினார்கள், சிலிண்டர் யாருடையது என்று இருவரும் மோதிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். 'பொம்பளைங்க சண்டை' என்று ஊர் சிரிக்கும். அந்தச் சண்டையின் காரணம் கோப்பிலேயே இருக்கிறது.

2024 டிசம்பரில் 8,997 சமையல் உதவியாளர்களை நியமிக்க அரசாணை வந்தபோது தொகுப்பூதியம் மாதம் 3,000 ரூபாய். ஒன்றிய அரசின் கணக்கு இன்னும் மோசம். நாடு முழுவதும் மதிய உணவு சமைக்கிறவருக்கு மாதம் 1,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் பத்து மாதம்தான். 2009இல் வைத்த தொகை. அன்றைய துவரம்பருப்பு விலைக்கும் இன்றைய விலைக்கும் உள்ள தூரத்தை நம் வீட்டு மளிகைச் சீட்டே சொல்லும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாய் என்ற பட்டம் எல்லாத் தாய்க்கும் பொருந்துவதில்லை. 2018இல் அவிநாசி பக்கத்தில் ஒரு தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாதென்று ஊர் திரண்டது. 2023இல், காலை உணவு விரிவாக்கப்பட்ட சில நாட்களிலேயே, எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில் ஒரு தலித் பெண் சமைத்ததைப் பிள்ளைகள் சாப்பிடாமல் போனார்கள். கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. 1956இல் மதிய உணவைத் தொடங்கிவைத்த எட்டயபுரத்துக்குப் பக்கத்திலேயே இது நடந்தது. சமைப்பவளை 'ஊழியர்' என்று நியமித்திருந்தால் அவளை மறுப்பது அரசை மறுப்பதாகியிருக்கும். 'ஊரின் தாய்களில் ஒருத்தி' என்று நிறுத்தியதால் அவள் எங்கள் தாயல்ல என்று சொல்லும் துணிச்சல் ஊருக்கு வருகிறது.

திட்டம் விரிவான வாரத்திலேயே ஒரு தமிழ் நாளிதழ், பிள்ளைகள் இரண்டு வேளை தின்பதால் பள்ளிக் கழிப்பறை நிரம்புகிறது என்று முதல் பக்கத்தில் தலைப்புப் போட்டது. தமிழ்நாடே காறித் துப்பியது, நியாயம்தான். எனக்கு அதைவிட எரிச்சலூட்டியது அதே நாட்களில் பேருந்திலும் டீக்கடையிலும் கேட்ட மற்றொரு பேச்சு: "காலைச் சோறும் ஸ்கூல்ல போட்டா, பொம்பளைங்க வீட்ல என்னதான் பண்ணுவாங்க?" இத்தலார் பேருந்தில் இதைச் சொன்னவருக்குப் பின் இருக்கையில் மழைக்கோட்டும் கூடையுமாகக் கொழுந்து பறிக்கப் போகிற நான்கு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. பதில் சொல்ல நேரமில்லாத பேச்சு என்று நினைத்திருப்பார்கள்.

முதல் கட்டப் பள்ளிகளை மாநிலத் திட்டக்குழு ஆராய்ந்து, 1,543இல் 1,319 பள்ளிகளில் வருகை கூடியிருப்பதாகச் சொன்னது. நல்ல சேதி. சமைக்கிறவள் எத்தனை மணிக்கு எழுகிறாள், அவள் முதலில் எப்போது சாப்பிடுகிறாள் என்பதையும் ஒரு பத்தியில் கேட்டிருக்கலாம். அவளைப் பற்றிய தகவல் இல்லாமலும் இல்லை. வந்த நேரம், சமைத்து முடித்த நேரம் எல்லாம் செல்போன் செயலியில் பதிவாகின்றன. எங்கள் பள்ளத்தில் சிக்னல் கிடைக்காது. போனைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுவாள். அந்த ஓட்டம் எந்தப் பதிவிலும் வராது.

காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. ஆறு முதல் எட்டு வரை நீட்டுங்கள் என்று கேட்பவர்கள் பலர், நானும் கேட்கிறேன். பதினொரு வயதில் பசி குறைவதில்லை. பெண் குழந்தைக்கு மாதவிடாய் நெருங்குகிற வயது அது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இரும்புச்சத்து மிகவும் தேவைப்படப்போகிற நேரத்தில் அவள் தட்டு காலியாகிறது. அதே வருடம் வீட்டில் அவள் கரண்டியைப் பிடிக்கப் பழகுகிறாள். அம்மா கொழுந்துக்குப் போக, தம்பிக்குக் காலையில் எதையாவது கிண்டித் தர வேண்டியவள் அவள்தான். ஐந்தாம் வகுப்பின் கடைசி நாளில் மகள் காலை உணவை இழக்கிறாள், அம்மா வேலையை இழக்கிறாள். இப்படி இரண்டையும் ஒரே தேதியில் முடிச்சுப் போட யாரோ உட்கார்ந்து திட்டமிட்டிருக்க வேண்டியதில்லை. சமைப்பவளைப் பற்றி யாரும் யோசிக்காமல் இருந்தாலே போதும்.

ஆகவே, விரிவாக்கம் என்று பேசும்போது பள்ளிகளின் எண்ணிக்கையோடு அடுப்பின் பக்கத்தையும் கணக்கில் எழுதச் சொல்வோம். எட்டாம் வகுப்புவரை நீட்டுங்கள், பிள்ளையோடு கட்டிய அந்த விதியை அவிழ்த்துவிடுங்கள், காலைக்கும் மதியத்துக்கும் சமைப்பவர்களை ஒரே பதவியில் முறையான ஊதியத்துடன் அமர்த்துங்கள். பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். பின்லாந்து 1943இல் சட்டம் போட்டு, போரில் நொறுங்கிக் கிடந்த நிலையிலேயே 1948 முதல் எல்லாப் பள்ளிக் குழந்தைகளுக்கும் இலவச உணவு கொடுத்தது. நம்மிடமும் 37,416 பள்ளிகளுக்கு ரவை வாங்கப் பணம் இருந்ததே.

போன மாதம் போனபோது பள்ளி விட்டிருந்தது. வாசலில் பெரிய குண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகள் இப்போது ஐந்தாவது. அடுத்த வருஷம் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"குழுவுல இன்னொரு பொண்ணு இருக்கு அக்கா. அவ பையன் ரெண்டாவது படிக்கிறான். பொங்கலுக்கு இங்க எவ்வளவு தண்ணி வைக்கணும்னு அவளுக்குத் தெரியாது. காலையில கூட வரச் சொல்லியிருக்கேன்." குண்டாவைக் கவிழ்த்து வைத்தாள். "அவளுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்குல்ல."