ஏழு இழையும் நாலு மில்லிமீட்டர் நுனியும்

ரே வில்சனின் ‘சவுண்ட் லேப் மினி-சிந்த்’ என்ற சிந்தசைசரைக் கட்டியவர்களுக்கு இது தெரிந்த கதை. போர்டில் ரெசிஸ்டர்களையும் ஐ.சி.க்களையும் உட்கார வைப்பது சுலபம். பேனல் பக்கம் திரும்பும்போதுதான் பொறுமைக்குச் சோதனை வரும். ஒவ்வொரு பொட்டென்ஷியோமீட்டருக்கும் மூன்று கால், ஒவ்வொரு சுவிட்சுக்கும் இரண்டோ மூன்றோ, ஜாக்குகள் தனிக்கணக்கு. ‘மியூசிக் ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ என்ற பெயரில் வில்சன் வெளியிட்ட சர்க்யூட்டுகளில் பெரும்பாலானவை இப்படித்தான்: ஒரு பக்கம் போர்டு, மறுபக்கம் பேனல், நடுவில் கைநிறைய ஒயர். அவர் 2016-ல் மறைந்துவிட்டார். அவருடைய சர்க்யூட்டுகளை இன்னமும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கட்டியவர் யார், எப்படிப்பட்டவர் என்பதைப் பேனலைத் திருப்பிப் போட்டதும் கண்டுகொள்ளலாம். ஐ.சி. எல்லோருக்கும் ஒன்றுதான். ஒயர் மட்டுமே அவரவர் தேர்வு.

அந்தத் தேர்வில் 24 கேஜ் ப்ரீபாண்டுக்கு நிகர் எதுவுமில்லை.

ஏழு செம்பு இழைகள், வெள்ளீயம் பூசி, முறுக்கி, அந்தப் பூச்சாலேயே ஒன்றோடொன்று ஒட்டவைத்தவை. பார்வைக்குச் சாதாரணப் பல்லிழை ஒயர்தான். உரித்துப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். மற்றப் பல்லிழை ஒயரை உரித்ததும் நுனி தேய்ந்த துடைப்பமாக விரிந்துகொள்ளும். முறுக்க வேண்டும், ஈயம் பூச வேண்டும், பூசியது தடித்துவிட்டால் போர்டு துளையில் நுழையாது, நறுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ப்ரீபாண்டில் இந்தச் சடங்கு எதுவும் கிடையாது. நாலு மில்லிமீட்டர் உரித்தால் நாலு மில்லிமீட்டரும் ஒரே கம்பி. 0.6 மி.மீ. தடிமன்தான் வருகிறது, துளையில் நேரே இறங்கும். பொட்டென்ஷியோமீட்டரின் கண்ணில் நுழைத்து மடக்கினால், பற்றவைக்கும்வரை மடக்கிய இடத்திலேயே நிற்கும். ஈயக்கம்பி ஒரு கையில், சால்டரிங் அயர்ன் மறு கையில் இருக்கும்போது ஒயரைப் பிடிக்க மூன்றாவது கை யாருக்கும் இல்லை. ப்ரீபாண்ட் அந்தக் கையாகவும் இருந்துவிடுகிறது.

இதை வசதி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. சிந்த் கட்டுபவர்களின் இரவுகளைத் தின்னும் கோளாறுகளில் ஒன்று தப்பியோடிய ஒற்றை இழை. தலைமுடி அளவு செம்பு ஒன்று பக்கத்துக் காலைத் தொட்டுக்கொண்டிருக்கும். பேனலை அழுத்தினால் சரியாக வேலை செய்யும், விட்டால் ஃபில்டர் ஊமையாகிவிடும். ஒட்டிய இழைகளில் ஒன்று தனியாகப் பிரிந்து ஓடுவதற்கு வழியே இல்லை.

இன்னொரு நுணுக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. சாதாரணப் பல்லிழையில் ஈயம் வைத்தால், உருகிய ஈயம் இழைகளுக்கிடையே ஏறி இன்சுலேஷனுக்குள் புகுந்துகொள்ளும். ஏறிய தூரம்வரை ஒயர் விறைத்துவிடும், அதற்கு அப்பால் தளர்வாக இருக்கும். விறைப்பும் தளர்வும் சந்திக்கும் அந்த இடத்தில்தான் பின்னால் முறியும், அதுவும் உறைக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாமல். ப்ரீபாண்ட் முழு நீளத்துக்கும் ஒரே விறைப்பு உடையது என்பதால் அப்படியொரு சந்திப்பே அமைவதில்லை. பேனலிலிருந்து போர்டுக்குப் போய் ஒருமுறை வளைந்து அப்படியே இருக்கப்போகும் ஒயருக்கு இதைவிட என்ன வேண்டும்?

அசையும் இடத்துக்கு மட்டும் இது ஆகாது. பெட்டியின் மூடியோடு திறந்து மூடும் ஒயராகப் போட்டால் முறிந்தே தீரும். அங்கே மெல்லிய இழைகள் நிறைந்த, சிலிகான் உறை போட்ட ஒயர்தான் சரி.

ஒற்றைக் கம்பிக் கட்சியினர் இதற்கெல்லாம் மசிய மாட்டார்கள். அவர்கள் கட்டிய பேனல்களில் எல்லா ஒயரும் செங்கோணத்தில் திரும்பும், மெழுகு நூலால் இடைவிட்டுக் கட்டப்பட்டிருக்கும். பழைய தொலைபேசி நிலையங்களில் பழகிய கைத்திறன் அது. நாசா இன்றும் தன் கேபிள் தரநெறிகளில் நூல்கட்டுக்கு இடம் வைத்திருக்கிறது. கண்ணுக்கு விருந்துதான், மறுக்க முடியாது. ஆனால் உரிக்கும்போது பிளேடு லேசாகப் பட்டுவிட்டால் போதும், அந்தக் கீறலில் ஒற்றைக் கம்பி முறியும். சிந்த் பேனலைச் சரிசெய்வதற்காகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள் என்பதை இந்தக் கட்சி கணக்கில் எடுப்பதில்லை. 22 கேஜ் ஒற்றைக் கம்பியின் இடம் பிரெட்போர்டு. அங்கே அதை மிஞ்ச ஆளில்லை.

டெஃப்லான் கட்சிக்கு மிடுக்கு அதிகம். 200 டிகிரி செல்சியஸ் தாங்கும், ஈயம் வைக்கும்போது உறை சுருங்காது, வெள்ளி முலாம் பளபளக்கும். எல்லாம் உண்மை. அதை உரிக்கும் பாடு இருக்கிறதே! வழவழப்பான உறை சாதாரண ஸ்ட்ரிப்பரின் வாயிலிருந்து நழுவும், அழுத்திப் பிடித்தால் இழை வெட்டுப்படும். பேனலின் கூரிய விளிம்பில் அழுந்திக் கிடந்தால், டெஃப்லான் நாளடைவில் மெதுவாக விலகி வழிவிட்டுச் செம்பை வெளியே காட்டிவிடும். பி.வி.சி. உருகிப் பின்வாங்குவதுதான் கவலை என்றால், எலக்ட்ரான் கற்றை பாய்ச்சி இறுக்கிய பி.வி.சி. இருக்கிறது. யு.எல். 1430 என்று அச்சடித்திருக்கும், 105 டிகிரி, 300 வோல்ட். அயர்ன் நுனி தெரியாமல் பட்டாலும் இது பொறுத்துக்கொள்ளும். 12 வோல்ட்டில் ஓடும் பெட்டிக்கு விமானத்து ஒயர் எதற்கு?

அடுத்தவர்கள் வெள்ளி கேட்கும் காதுக்காரர்கள். வெள்ளியில் சுரம் துலங்குகிறதாம். செம்பைவிட வெள்ளி சுமார் ஆறு சதவீதம் நன்றாக மின்சாரம் கடத்தும், அவ்வளவே. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 24 கேஜ் செம்பு ஒயர் மீட்டருக்கு 84 மில்லி ஓம். ஐந்து வோல்ட் கன்ட்ரோல் வோல்டேஜ் ஒரு லட்சம் ஓம் உள்ளீட்டுக்குள் செலுத்துவது 50 மைக்ரோ ஆம்பியர். ஒரு மீட்டர் ஒயரில் விழும் வோல்டேஜ் நாலு மைக்ரோவோல்ட்டைச் சற்றே தாண்டும். ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்ற மூக் சிந்தசைசர் வழியில் ஒரு சென்ட், அதாவது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு, 0.83 மில்லிவோல்ட். அதில் இந்த நாலு மைக்ரோவோல்ட் ஏறக்குறைய இருநூற்றில் ஒரு பங்குதான். அதே ஆள் தன் மாட்யூலின் வெளியீட்டில் ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டரை ஃபீட்பேக் சுற்றுக்கு வெளியே வைத்திருப்பார். அது ஒரு லட்சம் ஓம் உள்ளீட்டோடு சேர்ந்து ஸ்தாயிக்குப் பன்னிரண்டு சென்ட் இறக்கிவிடும். அதைக் கேட்காத காது வெள்ளியைக் கேட்கிறது.

ஒயரின் தடிமன் உண்மையிலேயே காதில் விழும் இடம் ஒன்று உண்டு. அது கிரவுண்ட். நாலு எல்.ஈ.டி.கள் தலைக்குப் பத்து மில்லி ஆம்பியர் இழுத்து, மெதுவாக அலையும் ஆஸிலேட்டரான எல்.எஃப்.ஓ.வின் தாளத்துக்கு ஒன்றாக மின்னுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றின் கிரவுண்டும் ஆஸிலேட்டரின் கிரவுண்டும் அரை மீட்டர் 24 கேஜ் ஒயரைப் பங்குபோட்டால், மின்னும்போதெல்லாம் அந்த ஒயரில் சுமார் 1.7 மில்லிவோல்ட் எழும், அதாவது இரண்டு சென்ட். 440 ஹெர்ட்ஸில் இரண்டு சென்ட் விலகினால், நிலையான இன்னொரு சுரத்தோடு சேர்ந்து இரண்டு வினாடிக்கு ஒரு விம்மல் கேட்கும். தம்புராவோடு பழகிய காதுக்கு அது தப்பாது. அதே அரை மீட்டருக்கு 18 கேஜ் போட்டால் அரை சென்ட்டுக்கு இறங்கிவிடும். எல்.ஈ.டி.க்குத் தனிக் கிரவுண்ட் இழுத்துப் பவர் சப்ளையிலேயே சேர்த்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மொத்த ரசனையையும் பேனல் ஒயரின் நிறத்தில் செலவழித்துவிட்டு, கிரவுண்டுக்குக் கையில் மிஞ்சிய துண்டைப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

டீட்டர் டோப்ஃபர் 1995-ல் ஏ-100 வரிசையைக் கொண்டுவந்து யூரோராக் என்ற மாட்யூலர் சிந்த் வடிவத்துக்கு வழிவகுத்த பிறகு, பவருக்குத் தட்டை ரிப்பன் வந்தது. 28 கேஜ், தனித்தனியாகப் பார்த்தால் மெலிந்த ஒயர்தான். கைவேலைக்காரர்கள் அதை இளக்காரமாகப் பேசுவார்கள். பத்து முனை ரிப்பனில் ஆறு முனை கிரவுண்ட் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. ஆறு 28 கேஜ் ஒயர் இணையாகச் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு 20 கேஜ் ஒயருக்குச் சமம். ரிப்பன் மீது வைக்க வேண்டிய உண்மையான குற்றச்சாட்டு வேறு: திருப்பிச் செருகினால் மாட்யூல் புகைந்துவிடும்.

யூரோராக்கின் மேல் இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. பொட்டென்ஷியோமீட்டரும் ஜாக்கும் நேராகப் போர்டிலேயே உட்கார்ந்துவிட்டன. பேனல் ஒயரே வேண்டியதில்லை. பிழை குறைந்தது, நேரம் மிச்சம், நல்லதுதான். ஆனால் பால் ஷ்ரைபரின் எம்.ஓ.டி.எம். சிந்த் கிட்டுகளைக் கட்டிப் பழகியவர்கள் ஒரு பாடத்தை அங்கே கற்றார்கள். ஜாக்குக்கு மெல்லிய ஆர்.ஜி. 174 கோ-ஆக்ஸ் இழுத்து, பின்னல் உறையை ஒரு முனையில் மட்டும் கிரவுண்டில் சேர்க்கும் பழக்கம் அது. ஒரு சாண் ஒயருக்கு அது கொஞ்சம் ஆடம்பரம்தான். இருந்தாலும் எந்த சிக்னல் எதைத் தொந்தரவு செய்யும் என்று யோசிக்க அந்தக் கோ-ஆக்ஸ் கற்றுக்கொடுத்தது.

ஒயரைத் தொட்டுப் பார்த்து வாங்கும் கடைகளும் அருகிவிட்டன. சிவப்பு, கறுப்பு, பச்சை என்று மூன்று சுருளை ஒரே அட்டையில் போட்டு 22 கேஜ் விற்ற அமெரிக்க ரேடியோ ஷாக் 2015-ல் திவால் மனு போட்டது. பிரிட்டனில் பொழுதுபோக்குக்குச் சிந்த் கட்டியவர்களுக்கு 1970-களிலிருந்து பாகம் தந்த மேப்ளின், 2018-ல் எல்லாக் கடைகளையும் மூடியது. அங்கே ஏழு இழை, ஒவ்வொன்றும் 0.2 மி.மீ. என்ற ‘7/0.2’ தான் பேனல் ஒயரின் மறுபெயர். இப்போது இணையத்தில் படத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். வந்து சேர்வது பல சமயம் செம்பு முலாம் பூசிய அலுமினியம். வளைத்தால் எளிதில் முறியும், மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். மலிவான ஜம்பர் ஒயர்களில் சில காந்தத்தில் ஒட்டிக்கொள்கின்றன. உள்ளே இரும்பு என்று அர்த்தம்.

சென்னை ரிச்சி தெருவில் இன்னும் ஒயரைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். ப்ரீபாண்ட் எங்குமே சுலபமாகக் கிடைக்கிற சரக்கு அல்ல. அது கிடைக்காதபோது அடுத்த நல்ல தேர்வு ‘7/36’. நம் ஊர்க் கணக்கில் முதல் எண் இழை, இரண்டாவது எண் பிரிட்டிஷ் கேஜ். ஏழு இழை, ஒவ்வொன்றும் 0.19 மி.மீ., பரப்பைக் கூட்டினால் சரியாக அமெரிக்க 24 கேஜ். ‘14/38’ அதைவிடக் கொஞ்சம் தடிமன், வளைவு நன்றாக இருக்கும், ஆனால் நுனி விரியும். வெள்ளீயம் பூசியதா என்று கேளுங்கள். பூசாத செம்பு கடற்கரை ஊரில் ஓராண்டுக்குள் கறுத்துவிடும், பிறகு ஈயம் பிடிக்காது. சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தமும் பிளேடும் இருக்கட்டும். ஓர் அங்குலம் உரித்து இழையைச் சுரண்டுங்கள். உள்ளேயும் சிவப்பாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஒரே நிறத்தில் முழுச் சுருள் வேண்டாம், ஐந்து நிறத்தில் பத்துப் பத்து மீட்டர் போதும். கிரவுண்டுக்கு மட்டும் கறுப்பில் தடித்த ஒயர் தனியாக வாங்கிவிடுங்கள்.