மண்ணும் வனைவோனும்

மட்கலத்தை ஆராய்வார் நோக்கத்தக்கன இரண்டு: ஒன்று கலத்தின் வடிவு, மற்றொன்று அதன்மேல் எழுதிய ஓவியம். இவ்விரண்டும் ஒன்றுபட்டவழிக் கலம் சிறக்கும். வேறுபட்டவழிக் கலம் ஓவியத்திற்கு வெறும் பலகையாய் ஒழியும். ஓவியர் பிக்காசோ (1881–1973) தென் பிரான்சில் இயற்றிய, கிரேக்க உரோமப் பழங்கதை தழுவிய மட்கலங்கள் இவ்வளவைகொண்டு ஈண்டு ஆராயப்படுகின்றன.

1946இல் வல்லோரி என்னும் குயவரூர்க்குச் சென்ற பிக்காசோ, ஆண்டுச் சூசான் ராமியே, ஜார்ஜ் ராமியே என்னும் கணவன் மனைவியர் நடத்திய மதூரா என்னும் வேட்கோச்சாலையைக் கண்டார். 1947 முதல் அங்கே தொடர்ந்து தொழில்புரிந்தார். 1946இன் பிற்பகுதியில், அணித்தாகிய ஆந்தீப் நகரத்துக் கிரிமால்டி கோட்டையிலிருந்து ஓவியமும் எழுதினார். 1948இல் மதூராக் கலங்கள் பலவும் அக்கோட்டையிற் சேர்ந்தன. 1966இல் அது பிக்காசோ காட்சிச்சாலை எனப் பெயர்பெற்றது.

கடலை நோக்கி நிற்கும் அக்கோட்டை, ஆந்திபோலிஸ் என்னும் பண்டைக் கிரேக்கப் பட்டினம் இருந்த இடத்தின்மேல் எழுந்தது. கொம்புடைய வனதேவரும், அரைமனிதரும் அரைக்குதிரையுமாகிய கெந்தவுரரும், ஆதெனா என்னும் தெய்வத்திற்குரிய ஆந்தையும் அங்கே காணப்படுதல் இடத்திற்கு இயைபுடைத்து. இடத்தின் பழமையே கலத்திற்குப் பெருமை தருமெனின், தாராது, என்னை? இழிந்த கலமும் அக்கோட்டையுள் வைத்தலான் உயர்ந்ததாகாமையின் என்க. இடம் கதையை நினைவூட்டும். அதனை மண்ணில் நிலைபெறச் செய்வது தொழிலேயாம்.

அத்தொழிலை நோக்குமிடத்து, தட்டுக்களின்மேல் எழுதிய வனதேவர் முகங்கள் விரைவும் நகையும் உடையனவேனும், பல தாளில் எழுதினும் குறைவுபடா. ஆண்டுத் தட்டின் வட்டம் முகத்திற்கு வரம்பாதலன்றிப் பிறிது செய்திலது. புறாவும் பெண்ணுருவும் அவ்வாறல்ல. திரிகையினின்றும் இறக்கிய ஈரக்கலத்தின் கழுத்தை நெரித்தும் வயிற்றை வளைத்தும் ஆக்கப்பட்டமையின், அவற்றில் மண்ணே உருவாய் நின்றது. சிறந்தன இவையே.

இனி, இவற்றை ஆக்கினோன் யாவன் என்பது வினா. குடத்திற்கு மண் முதற்காரணம், திரிகையும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்பது கற்றார் யாவரும் அறிந்தது. மதூராவிலோ திரிகையிற் கலம் வனைந்தவர் ஜூல் அகார் என்னும் குயவர். அதனை வளைத்தவர் பிக்காசோ. வடிவைக் கருதியவனே கருத்தா, வனைந்தவன் துணைக்காரணமே எனின், அற்றன்று. திரிகை அறிவில் பொருள். அகாரோ, சுவரின் திண்மையும் ஈரத்தின் அளவும் அறிந்து வனைந்தவர். அவ்வறிவின்றேல் வளைக்குங்கால் கலம் பிளந்தொழியும். ஆகலின் அவர் திரிகையோடு ஒருங்கு வைத்து எண்ணப்படார். நிமித்தகாரணத்திற் பங்குடையார் என்பதே முறை.

1947 முதல் 1971 வரை 633 மாதிரிகள் எண் வரையறுத்துப் படியெடுக்கப்பட்டன. அப்படிகளை ஆக்கியவர் சாலையின் தொழிலாளர். விலைபெறுவதோ பிக்காசோவின் பெயர். கருத்து அவரது ஆகலின் அப்பெயர் நிற்றல் தகும். பிறர் கைத்திறன் சொல்லாது விடப்படுதல் தகாது. ஆந்தீபின் கலங்களைக் கண்டு மகிழ்வார் பிக்காசோவைப் புகழுமிடத்து அகாரையும் உடன்வைத்து எண்ணுதல் கடன்.