யார் காது?

எங்கப்பா பறையடிச்சவர். வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சி, சத்தம் ஏறியதும் எழுந்து நிற்பார். சாவுக்கும் அடித்தார், சாமிக்கும் அடித்தார். ஒருநாள் ‘இனிமே சாவுக்கு அடிக்கமாட்டேன்’னு ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டார். பிறகு அதே பறையோடு நாங்கள் மேடையேறினோம். தோலும் குச்சியும் அதேதான். அடியிலும் பெரிய மாற்றமில்லை. அர்த்தம்தான் தலைகீழாகிவிட்டது.

படத்தையும் ஒலியையும் கணினியே தேடித் தரும் துறையில் ‘பொருள் இடைவெளி’ என்று ஒரு பேச்சு உண்டு. 2000இல் ஸ்மெல்டர்ஸ் முதலான ஐவர் படத்தேடலை வைத்து இதை விளக்கினார்கள். கணினி எடுக்கும் நிறமும் வடிவமும் ஒரு பக்கம். ஒரு சூழலில் பயன்படுத்துபவர் கொள்ளும் பொருள் மறுபக்கம். இரண்டும் பொருந்துவதில்லை. ஒலிக்கும் இதே கதைதான். அதிர்வைக் கணினி அளந்துவிடும். ஏவலுக்கு அடிக்கிறானா, தன்மானத்தோடு அடிக்கிறானா என்பது எந்த அதிர்வில் இருக்கிறது?

என் கேள்வி வேறு. அந்தப் ‘பயன்படுத்துபவர்’ யார்?

2017இல் கூகுள் வெளியிட்ட ஆடியோசெட்டில் 632 ஒலிவகைகள். யூடியூபிலிருந்து பத்துப் பத்து வினாடியாக எடுத்த இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். துண்டுகளைக் கேட்டுச் சரிபார்த்தது மனிதக் காதுகள். பட்டியலில் தபேலாவுக்குத் தனி இடம் உண்டு. பறைக்கு இல்லை. அதை மட்டும் படித்த கணினிக்கு எங்கப்பா அடித்தது வெறும் ‘டிரம்’.

குறையை இயந்திரத்தின் தலையில் கட்டுவது சுலபம். தொல்காப்பியம் பறையைக் கருப்பொருள்களில் ஒன்றாக வைத்ததை எம்.ஏ. வகுப்பில் மனப்பாடம் செய்தேன். வகுப்பில் பறை என்றால் இலக்கணம். ஊரில் பறை என்றால் நாங்கள். சாவுப்பறை ஊருக்கு எழவுச் சேதி, சேரிக்கு வேலை ஏவல். கணினி வருமுன்பே இடைவெளி இருந்தது. ‘மனிதப் பொருள்’ என்று ஒருமையில் சொல்லும்போதே சாதி அதற்குள் ஒளிந்துகொள்கிறது.

‘இன்னும் நல்லாப் பழக்கினா சரியாயிடும்’ என்கிறார் கணினி படித்த தோழர் ஒருவர். பறையின் பெயரைச் சேர்க்கட்டும், சேர்க்கணும். ஆனா அதுக்கு விளக்கம் எழுதப்போவது யார்? எங்கள் பெயரையே ‘பரையா’ ஆக்கி, ஒதுக்கப்பட்டவன் என்று ஆங்கில அகராதியில் ஏற்றியவர்களும் விளக்கம்தான் எழுதினார்கள். ‘சாவு மேளம்’ என்று எழுதிவிட்டால் கணினி அதைப் பிழையில்லாமல் உலகமெங்கும் எடுத்துக் கொடுக்கும். இடைவெளி மூடியாச்சு என்பார்கள். எங்கப்பா மாட்டேன்னு சொன்னது அதுக்கு அடியில புதைஞ்சுபோயிருக்கும்.

அந்த விளக்கத்தை நாமே எழுதவேண்டும். அதில் முதல் வரியாக அந்த ‘மாட்டேன்’ இருக்கவேண்டும்.