ஆள் இல்லாத புல்வெளி

ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டு வந்த நண்பர் ஒருவர், டான்சானியாவில் உள்ள செரெங்கெட்டி தேசியப் பூங்காவில் தாம் எடுத்த புகைப்படங்களைக் காட்டினார். சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரைக் கூட்டம், அஸ்தமன சூரியன் எல்லாம் இருந்தன. “மனிதர்கள் ஒருவர்கூட இல்லையே?” என்று கேட்டேன். “அதற்காகத்தானே ஐயா அங்கே போவது!” என்றார்.

நண்பர்மேல் குற்றமில்லை. அவர் பார்க்கப் போன காட்சியை அவருக்கு முன்பே ஒருவர் தீர்மானித்துவிட்டார். பிராங்க்பர்ட் மிருகக்காட்சிசாலையின் டைரக்டராக இருந்த பெர்ன்ஹார்ட் கிர்ஸிமெக்கைச் சொல்கிறேன். தம் மகன் மைக்கேலுடன் சேர்ந்து அவர் எடுத்த ‘செரெங்கெட்டி சாகக் கூடாது’ என்ற டாகுமெண்டரிப் படம் 1959ல் வெளிவந்து, மறு வருஷம் ஆஸ்கார் பரிசும் பெற்றது. அதே பெயரில் புத்தகமும் உண்டு. இரண்டையும் சமீபத்தில்தான் பார்த்தேன், படித்தேன். இத்தனை வருஷங்களுக்குப் பிறகும் அவற்றுக்கு மனசைக் கவ்வும் சக்தி இருக்கிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தகப்பனும் மகனும் வரிக்குதிரை மாதிரி கோடு போட்ட ஒரு சிறு விமானத்தில் ஜெர்மனியிலிருந்து புறப்படுகிறார்கள். ஆகாயத்திலிருந்தபடி மிருகங்களை எண்ணுகிறார்கள். வில்டபீஸ்ட் என்னும் தாடி வைத்த மான் இனம் மந்தை மந்தையாக எந்த வழியில் போய் வருகிறது என்று தொடர்ந்து பார்க்கிறார்கள். பூங்காவுக்குப் புதிதாக வகுத்த எல்லையைத் தாண்டி அவை போகின்றன என்று கண்டு சொல்கிறார்கள். 1959 ஜனவரியில் பிணந்தின்னிக் கழுகு ஒன்று மோதி அந்த விமானம் விழுந்தது. மைக்கேல் இறந்தபோது வயது 24. இங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் மகனைப் புதைத்த மனிதர்தான் இந்த வேலையை முடித்து உலகத்துக்குக் கொடுத்தார். அவருடைய அன்பைச் சந்தேகிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். கதையில் யாருக்கு இடம் கொடுக்கவில்லை என்று தேடுவான். இங்கே இடம் கிடைக்காதவர்கள் மாசாய் ஜனங்கள், மாடு மேய்ப்பவர்கள். செரெங்கெட்டி என்ற பெயரே அவர்கள் பாஷையில் முடிவில்லாத சமவெளியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். கிர்ஸிமெக் அவர்களைப் பற்றிப் பேசாமல் இல்லை. ஆனால் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் எந்த மனிதனும், அந்த மண்ணில் பிறந்தவனேயானாலும், குடியிருக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

1959ல், பிரிட்டிஷ் ஆட்சியில், மாசாய்கள் பூங்காவை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பக்கத்து இங்கோரோங்கோரோவில் மிருகங்களோடு சேர்ந்து வாழலாம் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்தார்கள். 2022ல் அங்கிருந்தும் அவர்களை, பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ம்சொமெரா என்ற ஊருக்கு டான்சானியா சர்க்கார் அனுப்பத் தொடங்கியது. மனமுவந்து போகிறார்கள் என்றது சர்க்கார். போகாமல் இருக்க முடியாதபடி செய்கிறார்கள் என்றார்கள் மாசாய்கள்.

படம்தான் அவர்களை வெளியேற்றியது என்று நான் வாதிக்கவில்லை. அந்த முடிவு ஆட்சியாளர்களுடையது. படம் செய்தது வேறு. காலி செய்யப்பட்ட வீட்டை, ஆதியிலிருந்தே யாரும் குடியிராத வீடு என்று உலகத்தை நம்ப வைத்தது. கிர்ஸிமெக் தம் டெலிவிஷன் நிகழ்ச்சியில் ஆப்பிரிக்க யாத்திரைக்கு ஜனங்களைக் கூப்பிடவும் செய்தார். யாத்ரிகர்களின் பணம் மிருகங்களைக் காப்பாற்றும் என்று கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு பொய்க்கவில்லை. ஆனால் வருகிறவர்கள் படத்தில் பார்த்ததையே நேரிலும் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1961ல் சுமார் 2.5 லட்சமாக இருந்த வில்டபீஸ்ட், 1977ல் சுமார் 13 லட்சமாகப் பெருகியது. அதற்கு முக்கியக் காரணம், நம் கிராமங்களும் ஒரு காலத்தில் கண்டு நடுங்கிய வெக்கை நோய் மறைந்ததுதான். சுற்றுவட்டாரத்து மாடுகளுக்கு ஊசி போட்டார்கள். காட்டு மிருகங்களிடமிருந்தும் நோய் போய்விட்டது. மேய்ப்பவனுடைய தொழுவமும் காட்டு மந்தையும் ஒரே கதையைச் சேர்ந்தவை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்பது சந்தேகம்தான். மலைப் பிரதேசத்தை வைத்து நானும் ஒரு கதை எழுதியிருக்கிறேன். பனி, பறவை, அருவி எல்லாவற்றுக்கும் பக்கம் பக்கமாக இடம் கொடுத்தேன். மலைவாசி ஒருவன் வந்தான். கதாநாயகனுக்கு வழி காட்டிவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு நான் ஒரு பெயர்கூட வைக்கவில்லை. கிர்ஸிமெக்கைப் படித்தபோது அவன்தான் ஞாபகத்துக்கு வந்தான்.

புத்தகத்தை நண்பரிடம் கொடுத்திருக்கிறேன். முடித்ததும் அந்தப் புகைப்படங்களை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேருமாக இன்னொரு முறை பார்க்க வேண்டும்.