தோற்ற குடிகளின் காதல் கதை

ஸ்காட்லாந்து மலைநாட்டுக் குலங்களை வைத்து எழுதப்படும் சரித்திரக் காதல் நாவல்களை அட்டையிலேயே கண்டுபிடித்துவிடலாம். கட்டம் போட்ட கில்ட், சட்டை போடாத மார்பு, பின்னால் மூடுபனிக்குள் ஒரு கோட்டை. உள்ளே ஒரு குலத்தலைவன். அவனுக்குப் பகைக் குலத்துப் பெண்ணைக் கட்டாயக் கல்யாணம் செய்துவைக்கிறார்கள். பாதிப் புத்தகம் வரை முறைப்பு, அதற்கு மேல் காதல். அம்பத்தூர் எஸ்டேட்டிலும் அதைத் தாண்டியும் வேலைக்குப் போய்வரும் பெண்கள் ஆவடி லோக்கலில் இவற்றைக் கைபேசியில் படிக்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்கள் வாடகை நூலகத்தில் நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துவந்து படித்தது சாண்டில்யனை. குமுதத்தில் வாராவாரம் வந்ததைக் கிழித்து, லதாவின் ஓவியங்களோடு பைண்டு செய்து வைத்த ‘கடல்புறா’ இன்னும் சில வீட்டுப் பரண்களில் கிடக்கிறது. இரண்டு தலைமுறைக்கும் ருசி ஒன்றுதான் என்பது என் கட்சி. அந்த ருசியைக் கேலி செய்வது சுலபம். அதில் எது சத்து, எது சர்க்கரை என்று பிரிப்பதுதான் கஷ்டம்.

சத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றைய காதல் கதையில் காதலுக்கு விலை குறைவு. இரண்டு பேருக்கும் சம்பளம் வருகிறது. மிஞ்சிப்போனால் அப்பா முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். குலக் கதையில் ஒரு பெண் ‘சரி’ என்றால் ஒரு பள்ளத்தாக்கு கைமாறுகிறது, ‘மாட்டேன்’ என்றால் ஊர் எரிகிறது. கல்யாணமும் நிலமும் போரும் ஒரே முடிச்சில் கிடக்கின்றன. இது நமக்குப் புதிதும் அல்ல. புறநானூற்றில் மகட்பாற்காஞ்சி என்றே ஒரு துறை இருக்கிறது: வேந்தன் பெண் கேட்டு வருகிறான், குடித்தலைவன் கொடுக்க மறுக்கிறான், ஊர் அழியப்போகிறதே என்று புலவன் பதறுகிறான். பாரி இறந்த பிறகு அவன் மகளிரைக் கபிலர் அழைத்துப்போய் இருங்கோவேளிடம் மணம் பேசியதும், அவன் மறுத்ததும் அதே உலகம்தான்.

இன்னொரு சத்து, யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதில் இருக்கிறது. டயானா கபால்டனின் ‘அவுட்லேண்டர்’ 1991-ல் வந்தது. 1945-லிருந்து 1743-க்குத் தவறிப் போய்விடும் கிளேர் என்ற நர்ஸ்தான் கதையைச் சொல்கிறாள். வர்ணிக்கப்படுவது ஜேமி ஃபிரேசரின் தோளும் தழும்பும் சிவப்புத் தலைமுடியும். சாண்டில்யனைத் திறந்தால் இதன் நேர்மாறு. கருணாகர பல்லவன் எதிரியை எண்ணி முடிப்பதற்குள் காஞ்சனாதேவியின் இடைக்கு ஒரு பத்தி, மஞ்சளழகியின் நடைக்கு ஒரு பத்தி. ஒருவனுக்காக இரண்டு பெண்கள் காத்திருப்பார்கள். ‘யவன ராணி’யிலும் அப்படித்தான். இத்தனைக்கும் சாண்டில்யனைப் பெண்கள் ஏராளமாகப் படித்தார்கள். கடல், கப்பல், சூழ்ச்சி, வீட்டுக்கு வெளியே நடமாடும் பெண் பாத்திரங்கள் எல்லாம் அந்த வர்ணனையைத் தாண்டிக் கையில் கிடைத்தன. மலைநாட்டுக் காதல் நாவல் அந்தத் தாண்டும் வேலையை வாசகிக்கு மிச்சப்படுத்தியது. இதைச் சின்ன விஷயமென்று நான் நினைக்கவில்லை.

இனி சர்க்கரை.

ஸ்காட்லாந்துக் குலங்கள் காதல் கதைக்குள் வந்தது அவை ஒழிந்த பிறகு. 1746 ஏப்ரல் 16 அன்று கல்லோடன் வெளியில் ஒரு மணி நேரம்கூட நீடிக்காத சண்டையில் 1745-ல் அரசுக்கு எதிராகக் கலகம் செய்த ஸ்டூவர்ட் கட்சிக் குலங்கள் நொறுங்கின. அதே ஆண்டு மலைநாட்டு உடைக்குத் தடை வந்தது. 1782 வரை நீங்கவில்லை. வால்டர் ஸ்காட்டின் ‘வேவர்லி’ வந்தது 1814-ல், பயப்பட ஒன்றும் மிச்சமில்லாத காலத்தில். 1822-ல் எடின்பரோவுக்கு வந்த நான்காம் ஜார்ஜ் மன்னருக்கு வரவேற்புச் சடங்குகளை வடிவமைத்தவரே ஸ்காட்தான். எந்த அரச வம்சம் அந்த உடையைத் தடைசெய்ததோ அதன் வாரிசு அதே உடையைப் போட்டுக்கொண்டு நின்றார். குலத்துக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு வண்ணம் என்று இன்று கடைகளில் விற்பதெல்லாம் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தயாரிப்பு. அதற்கு ஆதாரமாக 1842-ல் அச்சிடப்பட்ட ‘பழைய சுவடி’ போலி. உடையில் நடந்த இந்தப் புனைவு எனக்குப் பெரிதாக உறுத்துவதில்லை. நாவலில் யாரும் நூல் எண்ணிக்கை பார்ப்பதில்லை. உறுத்துவது தலைவன். நாவலில் அவன் தன் குடிமக்களுக்காக உயிரைக் கொடுப்பான். கல்லோடனுக்குப் பின் வந்த தலைமுறைகளில் நிஜத் தலைவர்கள் பலர் ஆட்டு மந்தையில் லாபம் அதிகம் என்று கண்டு குடிகளைக் குடிசைகளிலிருந்து துரத்தினார்கள். சதர்லாந்துச் சீமாட்டியின் நிலங்களில் நடந்த வெளியேற்றங்கள் இதில் பேர்போனவை. துரத்தியவர் வெளியாள் அல்ல, அதே குலத்தின் தலைவி. அந்த அத்தியாயத்தைக் காதல் நாவல்கள் அநேகமாக எழுதுவதேயில்லை.

தோற்ற குலங்களின் வாரிசுகள் என்ன ஆனார்கள் என்ற கேள்வி நம் பக்கத்தில் வந்து நிற்கிறது. ‘அவுட்லேண்ட’ரில் மெக்கன்சி குலத்தின் கோட்டை லியோக். அதற்கு நிஜ முன்மாதிரியாகச் சொல்லப்படுவது குரோமார்ட்டி பிரபுக்களின் லியோட் கோட்டை. அந்த வீட்டு மூத்த மகன் ஜான் மெக்கன்சி, மெக்லியோட் பிரபு, பதினெட்டு வயதில் 1745 கலகத்தில் சேர்ந்து, கல்லோடனுக்கு முதல் நாள் தந்தையோடு பிடிபட்டார். தந்தைக்கு மரண தண்டனை விதித்து நிறுத்திவைத்தார்கள், நிலம் பறிபோனது. மகன் ஸ்வீடன் படையில் பல ஆண்டுகள் ஊழியம் பார்த்துவிட்டுத் திரும்பி, தன்னைத் தோற்கடித்த அதே அரசுக்காக மலைநாட்டு ஆட்களைத் திரட்டி ஒரு ரெஜிமென்ட் அமைத்தார். 73-ஆம் ஹைலேண்டர்கள் என்ற அந்தப் படை 1780 ஜனவரியில் சென்னையில் இறங்கியது. ஹைதர் அலி கர்நாடகத்துக்குள் புகுந்ததும் ஹெக்டர் மன்றோவின் கீழ் பரங்கிமலையில் கூடிக் காஞ்சிபுரம் நோக்கி நடந்தது. செப்டம்பர் 10 அன்று, மன்றோவோடு வந்து சேர இன்னொரு பக்கமிருந்து வந்துகொண்டிருந்த தளபதி பெய்லியின் அணி புள்ளலூரில் மாட்டி அழிந்தது. அதற்குத் துணையாக அனுப்பப்பட்ட 73-ஆம் படையின் கம்பெனிகளும் அதில் சிக்கின. பிடிபட்டவர்களில் ஒருவரான டேவிட் பேர்ட் நான்காண்டுக்குக் கொஞ்சம் குறைய ஸ்ரீரங்கப்பட்டினச் சிறையில் கிடந்தார். மெக்லியோட் பிரபுவுக்கு 1784-ல், 19,000 பவுண்டு கட்டிய பிறகு, குடும்ப நிலம் திரும்பியது. கில்ட் கட்டிய தலைவனின் நிஜக் கதையில் இப்படி ஒரு பாதி தொண்டை மண்டலத்தில் நடந்தது. மூடுபனிக்குப் பதில் ஆவணி வெயில் என்பதால் அட்டைக்கு உதவவில்லை போலும்.

நிலத்தை இழந்து, வென்றவன் படையில் சேர்ந்து, அந்த ஊழியத்தால் மறுபடி தலைநிமிரப் பார்க்கும் வாரிசு. தமிழ் வாசகர்களுக்கு இவரை நன்றாகத் தெரியும். வல்லத்து வாணர் குலத்து வந்தியத்தேவன். நாடில்லாத இளவரசன், சோழனின் ஓலையைச் சுமக்கிறவன். கல்கி 1950-லிருந்து 1954 வரை எழுதிய ‘பொன்னியின் செல்வ’னில் எல்லோரும் காதலிப்பது ராஜராஜனை அல்ல, இவனைத்தான். ஆனால் கல்கி கதையை எந்தப் பக்கம் சாய்க்கிறார் என்று கவனிக்க வேண்டும். பழுவேட்டரையர், சம்புவரையர் போன்ற குடித்தலைவர்கள் கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் கூடிப் பேசுவது சதி. பெரிய பழுவேட்டரையரின் உடம்பில் அறுபத்து நான்கு விழுப்புண்கள். அத்தனையும் சோழ சிம்மாசனத்துக்காகப் பட்டவை. சிம்மாசனத்துக்கு எதிராக வாய் திறந்ததும் அவர் கிழட்டு மோகியாகிவிடுகிறார். மத்தியில் பேரரசு, சுற்றிலும் முரண்டு பிடிக்கும் குடிகள், குடிகள் அடங்கினால் சுபம்: புதுக் குடியரசாகி, சமஸ்தானங்களைச் சேர்த்து முடித்த கையோடு இருந்த நாட்டுக்கு இந்த அமைப்பு இனித்ததில் வியப்பில்லை.

கல்கி இதற்கு முன் வேறு விதமாகவும் எழுதியிருக்கிறார். 1941-ல் தொடங்கிய ‘பார்த்திபன் கன’வில் சோழன் சிற்றரசன், பல்லவனுக்குக் கப்பம் கட்ட மறுத்துப் போர்க்களத்தில் சாகிறவன். தோற்றவன் பக்கம் நின்று எழுதிய கதை என்றே சொல்லலாம், கடைசிப் பகுதி வரை. அங்கே வென்ற நரசிம்ம பல்லவனே சிவனடியாராக வேடமிட்டு இளவரசனைக் காத்ததும், தன் மகளை அவனுக்குக் கொடுப்பதும் தெரிகின்றன. ஸ்காட்டின் ‘வேவர்லி’யிலும் இதே சமரசம் உண்டு: நாயகன் கலகக்காரர்களோடு திரிந்துவிட்டு மன்னிப்பும் மனைவியுமாக வீடு திரும்புகிறான். ஆனால் ஸ்காட் ஒரு கணக்கைத் தீர்க்காமல் விடவில்லை. குலத்தலைவன் ஃபெர்கஸ் தூக்கிலே சாகிறான், அவன் தங்கை ஃப்ளோரா கன்னிமாடம் போகிறாள். கல்கிக்கு அந்தக் கசப்பு ஒத்துவரவில்லை. கதைசொல்லியாகக் கல்கி ஒருபடி மேல் என்பேன். வரலாற்றுக்கு நேர்மை என்று பார்த்தால் இந்த இடத்தில் ஸ்காட்டுக்குத்தான் என் ஓட்டு.

குடித்தலைவனே நாயகன், மூவேந்தரே பகை என்று துணிந்து எழுதிய பெரிய நாவல் தமிழில் வர 2016 ஆக வேண்டியிருந்தது. ஆனந்த விகடனில் சு. வெங்கடேசன் எழுதிய ‘வீரயுக நாயகன் வேள்பாரி’ நூறு வாரங்களைத் தாண்டி ஓடியது. மலை, மலையறிவு, குடிக்கு ஒரு வழக்கம், அந்நியனிடம் சந்தேகம் என்று மலைநாட்டு நாவலின் எல்லா அம்சமும் அதில் உண்டு. பறம்பைப் பழுதே இல்லாத சமூகமாக்கிக் காட்டும் அதன் சர்க்கரையும் உண்டு. ‘பொன்னியின் செல்வ’னுக்கு வரைந்தவர் மணியம், வேள்பாரிக்கு வரைந்தவர் அவர் மகன் மணியம் செல்வன். பேரரசிலிருந்து குடிக்கு வர ஓவியத்திலும் நமக்கு ஒரு தலைமுறை பிடித்தது.

மலைநாட்டுக் காதல் நாவலை அம்பத்தூரில் உட்கார்ந்து நிம்மதியாக ரசிக்க முடிவதற்கு ஒரு காரணம், இங்கே கேம்பெல்களுக்குச் சாதிச் சங்கம் கிடையாது. 1692-ல் கிளென்கோவில் விருந்துண்ட வீட்டாரையே வெட்டிய படைக்குத் தலைமை தாங்கியவன் கேம்பெல் என்று எழுதினால் ஆவடியில் யார் மனமும் புண்படாது. பழுவேட்டரையர் அப்படியல்ல. இங்கே குடிப்பெயர்கள் சாகவில்லை. பட்டமாகவும் ஃப்ளெக்ஸ் பேனராகவும் தெருவில் நிற்கின்றன. ராஜராஜன் எங்களவன் என்று சொல்லும் சாதிகளை எண்ண ஒரு கை விரல் போதாது. சரித்திர நாவல் அந்தப் பெருமைக்குத் தீனி போட்டிருக்கிறது என்பதை அதன் ரசிகனான நான் மறுக்க முடியாது. நாவலில் குடி என்றால் தலைவனும் அவன் வாளும்தான். உழுதவனும் பறையடித்தவனும் சேனைக் கூட்டத்தில் ஆள்கணக்குக்கு மட்டும் வருகிறார்கள். அங்கே ஆட்டு மந்தையை மறைத்த அதே திரை இங்கே சேரியை மறைக்கிறது.

இத்தனைக்கும் எழுதப்படாத ஒரு குலக்கதை நம் ரயில் பாதை ஓரத்திலேயே இருக்கிறது. அம்பத்தூருக்கு அடுத்த நிலையம் திருமுல்லைவாயில். அங்குள்ள மாசிலாமணீஸ்வரர் கோயிலில் நந்தி சிவனுக்கு முதுகைக் காட்டி வெளியே பார்த்தபடி இருக்கும். தலபுராணப்படி, புழல் கோட்டையிலிருந்த ஓணன், வாணன் என்ற குறும்பர் தலைவர்களை எதிர்த்துத் தொண்டைமான் வந்தபோது யானையின் கால் முல்லைக்கொடியில் சிக்கியது. வெட்டிய இடத்தில் ரத்தம் வழிய, லிங்கம் வெளிப்பட்டது. தொண்டைமானுக்குத் துணையாகச் சண்டைக்குக் கிளம்பிய நிலையில் நந்தி திரும்பி நிற்கிறது. குறும்பரிடமிருந்து கொண்டுவந்தவை என்று சன்னதி முன்னே இரண்டு வெள்ளெருக்குத் தூண்களைக் காட்டுவார்கள். தொண்டைமானின் களிறும் முல்லைக்கொடியும் சுந்தரர் தேவாரத்திலேயே வருகின்றன. குறும்பர் பக்கம் பேச அங்கே ஒரு கல்லும் இல்லை.

அவர்களைப் பற்றிய வாய்மொழிக் கதைகளைத் தேடி எழுதிவைக்கச் செய்தவர் காலின் மெக்கன்சி, 1815-ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனவர். ஸ்காட்லாந்தின் மேற்குக் கோடியில் லூயிஸ் தீவின் ஸ்டோர்னவேயில் பிறந்தவர். அவரும் ஒரு மெக்கன்சிதான். அவருடைய உதவியாளர்கள் சேகரித்த சுவடிகளில் குறும்பர், கோட்டங்களாகப் பிரிந்து ஆண்டவர்கள். முதல் போரில் தொண்டைமானாகிய ஆதொண்டனைத் தோற்கடித்தவர்கள். அவன் கனவில் சிவன் வந்த பிறகுதான் வீழ்ந்தவர்கள். கனவு வரைக்கும் சமபலம் என்று வென்றவன் கதையே ஒப்புக்கொள்கிறது. ஒரு நாவலாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்? புழல் ஏரிக்கரை, இரண்டு தலைவர்கள், முற்றுகை. கோட்டைக்குள் இருந்த பெண்களைப் பற்றி யாரும் எதுவும் எழுதிவைக்காததால் கற்பனைக்கு முழு உரிமை. ஆனால் குறும்பர் என்ற பெயரோடு இன்றும் சமூகங்கள் இருக்கின்றன, தொண்டைமான் பட்டத்தோடும் இருக்கிறார்கள். தொடர்கதையாகப் போட்டால் இரண்டாவது வாரமே இரண்டு தரப்பிலிருந்தும் ஆசிரியருக்குக் கடிதம் வரும்.